சாட்சிப்பெட்டிக்கு இரண்டு கை

நூறு கோடி பைட் நீளமுள்ள பொட்டலங்களை நான் ஐந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்த கையோடு குப்பையில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். அதற்காக எனக்கு ஒரு கேடயம் கொடுத்து, போட்டோ பிடித்து, அதை அலுவலக நடைக்கூடத்தில் மாட்டியும் வைத்திருந்தார்கள்.

என் பெயர் எமரன்சியா. வயது ஐம்பத்திநாலு. கன்னிமுனைத் துறைமுக விசாரணை மன்றத்தில் பதிவு வாசிப்பாளர் வேலை. பொட்டலம் என்றால் வேர்க்கடலை மடிக்கிற பொட்டலம் இல்லை. ஒரு இயந்திரம் இன்னொரு இயந்திரத்துக்கு வலைப்பின்னலில் அனுப்புகிற சேதியைத்தான் அப்படிச் சொல்கிறோம். துறைமுகத்தில் உள்ள ஒவ்வொரு இயந்திரத்தோடும் ஒரு சாட்சிப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். போகிற வருகிற பொட்டலங்களை எல்லாம் அது பிடித்து, மேலே நேரத்தையும் நீளத்தையும் குறித்து, கோப்பில் எழுதி வைக்கும். அந்தக் கோப்பின் வடிவம் எண்பது வருஷமாக மாறவில்லை. சாதிச் சான்றிதழுக்கு அடுத்தபடியாக இந்த நாட்டில் மாறாமல் இருப்பது அதுதான்.

2064இல் கருவிச் சாட்சியச் சட்டம் வந்தது. வலைப்பதிவு இருக்கிற இடத்தில் மனிதர்களின் வாய்ச்சாட்சி எடுபடாது என்பது அதன் சாரம். மனிதன் பொய் சொல்வான், மறப்பான், பெட்டி அப்படிச் செய்யாது என்றார்கள். நானும் கைதட்டினேன். அப்போது எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

2071 ஏப்ரலில் ஆறாம் நம்பர் கிரேனில் ஒரு சாவு. தொம்மை என்பவர், கண்டெய்னரின் மூலைப்பூட்டுகளைக் கழற்றுகிறவர், இறங்கிக்கொண்டிருந்த பெட்டிக்கு அடியில் அகப்பட்டுப் போனார். கிரேனை இயக்கியது உலகம்மாள். இருபத்தொன்பது வயது, ஆலங்குளத்துப் பெண். கிரேனில் யாரும் ஏறுவதில்லை. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு குளிர்ந்த கூடத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து இயக்குவார்கள். ஆளைப் பார்த்ததும் 'நிறுத்து' பொத்தானை அமுக்கினேன் என்றாள் அவள். பதிவை நான் வாசித்தேன். அதில் 'நிறுத்து' இல்லை. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் அவளைக் காவலில் வைத்தார்கள்.

ஐந்து வாரம் கழித்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. பென்சிலால் எழுதியிருந்தாள். 'பதிவு வாசித்த மேடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். அழ மாட்டேன். ஒரு சந்தேகம் கேட்க வேண்டும்.' வாசிப்பாளர்கள் குற்றம் சாட்டப்பட்டவர்களைப் போய்ப் பார்ப்பதில்லை. பார்க்கக் கூடாது என்று விதியும் இல்லை. அழ மாட்டேன் என்று எழுதியிருந்ததற்காகவே போனேன். அழுகிறவர்களைச் சமாளிக்க எனக்குத் தெரியாது.

காவல் அறையில் உலகம்மாள் நேராக விஷயத்துக்கு வந்தாள். என் அறிக்கையின் பிரதியை மடித்து மடித்துக் கிழிகிற அளவுக்குப் படித்திருந்தாள்.

"மேடம், நாலு மணி பன்னெண்டு நிமிஷம் மூணு நொடி வரைக்கும் எல்லாம் வரிசையா எழுதிருக்கீங்க. அடுத்த வரி பதினாலாவது நொடில தொடங்குது. நடுவுல இருந்த பதினோரு நொடி எங்க?"

"அது சிதைஞ்ச பகுதிம்மா. உப்புக்காத்துல பெட்டி கெட்டுப்போயி எழுதுன குப்பை. அப்படி வந்தா விலக்கிருவோம். கீழ சின்ன எழுத்துல போட்டிருக்கேன் பாரு."

"பாத்தேன். அந்தப் பதினோரு நொடிலதான மேடம் நான் இருக்கேன்."

அறிக்கையை என் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"நிறுத்து அமுக்குனேன். நிக்கல. ஹாரனை அமுக்குனேன். திரும்பவும் நிறுத்து. விரல் வலிக்கிற வரைக்கும் அமுக்குனேன். அந்தக் குப்பையை நீங்க பாத்தீங்களா, இல்ல பாக்காமலே தள்ளிட்டீங்களா? இதான் என் சந்தேகம்."

பார்க்கவில்லை. நான் எழுதிய கணினி நிரல்தான் தள்ளியது. அதை அவளிடம் சொல்லவில்லை. 'பாத்துட்டுச் சொல்லுதேன்' என்று எழுந்தேன். வழியெல்லாம் அவள் மேல் எனக்குக் கோபம். ஒரு கிரேன்காரி எனக்கு வாசிக்கக் கற்றுத்தருகிறாளா என்ற கோபம். உள்ளுக்குள் பயம் இருக்கும்போது எனக்குக் கோபம்தான் முதலில் வரும்.

அந்த நிரலின் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் கிரேன் கோப்புகள் திடீரென்று பாதியில் நிற்க ஆரம்பித்தன. வாசிப்பு மென்பொருள் ஒரு இடத்துக்கு வந்ததும், 'இந்தப் பொட்டலத்தின் நீளம் நூறு கோடிச் சொச்சம் பைட்' என்று சொல்லிவிட்டு மயங்கிவிடும். வழக்குகள் தேங்கின. மன்றம் கத்தியது. நான் ஒரு சனி ஞாயிறில் உட்கார்ந்து, நம்ப முடியாத நீளம் வந்தால் அதைத் தாண்டி, அடுத்து ஒழுங்காக வருகிற இடத்திலிருந்து வாசிக்கும்படி ஒரு நிரல் எழுதினேன். தேங்கியதெல்லாம் ஒரே மாதத்தில் தீர்ந்தது. கேடயம் அதற்குத்தான்.

இப்போது முதல்முறையாக அந்தக் குப்பையைத் திறந்து பைட் பைட்டாகப் பார்த்தேன். நீளம் எழுதும் இடத்தில் நாலு பைட். 3C 00 00 00. ஒழுங்கான பொட்டலங்களில் அதே இடத்தில் 00 00 00 3C. 3C என்றால் இயந்திரக் கணக்கில் அறுபது, அதனால் இரண்டாவது வெறும் அறுபது. முதலாவதை அப்படியே வாசித்தால் நூறு கோடி. கடைசியிலிருந்து வாசித்தால் அதுவும் அறுபதுதான்.

இது குப்பை இல்லை. வேறொரு கை எழுதியது.

கடைசியிலிருந்து எழுதுகிற இயந்திரங்கள் உண்டு என்பது எங்கள் தொழிலில் முதல் நாள் பாடம். அதற்காகவே ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் ஒரு அடையாள எண் இருக்கும். அது நேராகத் தெரிந்தால் நேராக வாசி, தலைகீழாகத் தெரிந்தால் புரட்டி வாசி. தலைப்பை ஒரு தடவை பார்த்தால் போதும், கோப்பு முழுக்க அதே கைதான். அதே கைதான் என்று நான் முப்பது வருஷமாக நம்பியிருந்தேன்.

மறுநாள் காலையில் ஜெபசிங்கைத் தேடிப் போனேன். சாட்சிப்பெட்டிகளைப் பராமரிக்கிற மெக்கானிக். ஆறாம் நம்பர் கிரேனுக்கு அடியில் பருப்புவடையும் டீயுமாக உட்கார்ந்திருந்தார்.

"இந்தப் பெட்டிக்குள்ள எத்தன சர்க்யூட் பலகை இருக்கு, ஜெபசிங்?"

"ரெண்டுக்கா. ஒண்ணு மெயின். ஒண்ணு மாத்து. ரெண்டுமே எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கும். மெயின் மயங்குச்சுன்னா கையில வச்சிருந்த கடைசிக் கொஞ்ச நொடி அதோட போயிரும். மாத்து, விட்ட எடத்துலருந்து எழுதும். மெயின் முழிச்சதும் இது ஒதுங்கிக்கிடும்."

"ரெண்டும் ஒரே கம்பெனியா?"

"இல்லக்கா. மாத்துப்பலகைய அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வேற எடத்துல வாங்குனாவ."

"வேற பலகை எழுதுனா புதுக் கோப்பு தொடங்கணும்லா? புதுத் தலைப்பு போடணும்லா?"

ஜெபசிங் வடையைக் கீழே வைத்தார். "எக்கா, உங்க மன்றந்தான ஒரு ஷிஃப்டுக்கு ஒரே கோப்புன்னு ஆர்டர் போட்டுது. ரெண்டு கோப்பா வந்தா நடுவுல எவனோ கைவச்சிட்டான்னு தள்ளிருதிய. அதான் மாத்துப்பலகைய அதே கோப்புலயே தொடர்ந்து எழுதுற மாதிரி செட் பண்ணியாச்சு."

அந்த உத்தரவை நகலெடுத்து எல்லாக் கிரேனுக்கும் அனுப்பியதே நான்தான்.

"மெயின் எப்ப மயங்கும்?" என்று கேட்டேன்.

"கரண்டு திடீர்னு இறங்குனா மயங்கும். சும்மா இருக்கையில எப்பவாச்சும். மத்தபடி அவசர பிரேக் விழும்போது கண்டிப்பா மயங்கும். அது மோட்டாரையே உலுக்குதுல்லா."

ஆக, ஒருவர் பதறியடித்து 'நிறுத்து' பொத்தானை அமுக்கினால் பிரேக் விழும். பிரேக் விழுந்தால் மெயின் மயங்கும். அந்தக் கடைசி நொடிகளை இரண்டாவது கை எழுதும். இரண்டாவது கை எழுதியதை நான் குப்பை என்று தள்ளுவேன். பொத்தானை அமுக்கியவர்களுக்குத்தான் அமுக்கிய சாட்சி இல்லாமல் போனது. ஐந்து வருஷமாக.

மேசைக்குத் திரும்பி அந்தப் பதினோரு நொடியையும் மொத்தமாகப் புரட்டினேன். நேரமும் நீளமும் சரியாக வந்தன, உள்ளே இருந்த சேதி உளறியது. பதற்றத்தில் கற்றுக்குட்டி செய்கிற தப்பைச் செய்திருந்தேன். பொட்டலத்தின் மேல் எழுதுகிற நேரமும் நீளமும்தான் எழுதுகிற பலகையின் பழக்கப்படி மாறும். உள்ளே இருக்கிற சேதி, யார் பிடித்தாலும், வலையில் வந்தபடியே இருக்கும். நேரமும் நீளமும் உள்ள மேலுறையை மட்டும் புரட்டினேன். 4.12.07, நிறுத்து. 4.12.08, ஹாரன். அப்புறம் நிறுத்து, நிறுத்து, நிறுத்து, இருபத்துமூன்று தடவை. கிரேன் பதில் சொன்னது 4.12.11க்கு. பிரேக் நாலு நொடி தூங்கியிருக்கிறது. தவறு கிரேனுடையது.

அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. ஐந்து வருஷத்தில் நான் கையெழுத்திட்ட அறிக்கைகளில், சம்பவ நேரத்திலேயே 'சிதைந்த பகுதி விலக்கப்பட்டது' என்று வருபவற்றைத் தேடினேன். உலகம்மாள் தவிர நாற்பத்தொன்று. சிலருக்கு உரிமம் போனது, பலர் சிறை போய்த் திரும்பினார்கள், ஒருவர் உள்ளேயே செத்துப்போனார். ஏழு பேர் இன்னும் உள்ளே இருந்தார்கள். அந்தப் பெயர்கள் எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைத்தேன். ஒன்றுகூட இல்லை. அதுதான் எனக்கு மிகவும் அவமானமாக இருந்தது.

தலைமை விசாரணையாளர் சங்கரபாண்டியன் கெட்டவர் அல்ல. ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது, அதைச் சேதாரம் இல்லாமல் கடந்துவிட நினைக்கிறவர். மறுநாள் காலையில் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். ஒரு விஷயம் மட்டும் புரியவில்லை என்றார்.

"ஒரே நம்பர் எப்படி மேடம் அறுபதாவும் நூறு கோடியாவும் இருக்கும்?"

"இது எந்த வருஷம் சார்? 2071. கடைசில இருந்து எழுதுற பழக்கம் உள்ள ஆளு இதையே 1702ன்னு எழுதுவாரு. எழுதுனது யாருன்னு தெரிஞ்சா ரெண்டும் ஒரே வருஷந்தான். தெரியலன்னா முந்நூத்தி அறுபத்தொம்பது வருஷம் தள்ளிப் போயிருவோம். நம்ம கோப்புல ரெண்டு ஆளு எழுதிருக்காங்க சார். தலைப்பு மொத ஆளைப் பத்தித்தான் சொல்லும்."

அவருக்குப் புரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டு வழி இருக்கு மேடம். இந்தக் கோப்புல மட்டும் வாசிப்புப் பிழைன்னு எழுதிக் கையெழுத்து போடுங்க, இன்னைக்கே அந்தப் பொண்ண விடுதேன். விடுவிச்சா விடுவிச்சதுதான், திரும்பப் பிடிக்கச் சட்டத்துல இடமில்ல. இல்ல, வாசிக்கிற முறையே தப்புன்னு எழுதுனீங்கன்னா இந்தக் கோப்பும் டெல்லி தொழில்நுட்பக் குழுவுக்குப் போகும். எட்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் அவ உள்ளதான்."

"மத்த நாப்பத்தொண்ணு?"

"முடிஞ்ச வழக்கு. டெல்லிக்குப் போனாக்கூட இனி வர்ற வழக்குக்குத்தான் முறைய மாத்துவாங்க. பழசைத் திறக்க உங்க வாய்ச்சொல் செல்லாது, என் வாய்ச்சொல்லும் செல்லாது. முடிஞ்ச கோப்பத் திறக்கணும்னா புதுசா ஒரு குற்றம் நடந்து, அதுக்கு அந்தக் கோப்பு சாட்சியா வரணும். சட்டத்த எழுதுனவன் பொறுப்பா பூட்டிட்டுத்தான் போயிருக்கான்."

முடிவை நான் எடுக்கக் கூடாது என்று தோன்றியது. எட்டு மாசம் உள்ளே இருக்கப் போவது நான் இல்லையே. காவல் அறைக்குப் போய் உலகம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 'நிறுத்து' இருபத்துமூன்று தடவை இருக்கிறது என்றதும், அழ மாட்டேன் என்று எழுதியவள் அழுதாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு நாற்பத்தொரு பேரைப் பற்றியும் சொன்னேன்.

அவள் நெடுநேரம் யோசித்தாள்.

"மேடம், நான் நல்லவ மாதிரி பேசப்போறதில்ல. என் பிள்ளைக்கு நாலு வயசு. போன வாரம் வீடியோ கால்ல என்னயப் பாத்து ஆண்ட்டிங்கா. ஒரு கோப்புல மட்டும்னே எழுதுங்க. நான் வீட்டுக்குப் போவணும்."

"சரிம்மா."

"அந்த நாப்பத்தொரு பேரப் பத்தி நெனச்சா எனக்குப் பாவமாத்தான் இருக்கு. ஆனா எட்டு மாசம் என்னால முடியாது."

"நீ கேக்குறதுல தப்பே இல்ல. தப்பு பண்ணுனது நான். அதை உன் தலையில கட்ட மாட்டேன்."

அவளை நான் மனசுக்குள்கூடக் குறை சொல்லவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நான் யோசித்திருக்கவே மாட்டேன்.

அலுவலகத்துக்கு வந்து என் மேசையில் உட்கார்ந்தேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். நாற்பத்தொரு கோப்புகளையும் வரிசையாகத் திறந்தேன். ஒவ்வொன்றிலும் விலக்கிய பகுதியின் உறையைப் புரட்டி, உள்ளே இருந்ததை முழுக்க வாசித்தேன். முப்பத்தொன்பதில் 'நிறுத்து' இருந்தது. இரண்டில் இல்லை, அந்த இருவரும் உண்மையாகவே அமுக்கவில்லை. நாலு மணி நேரம் ஆனது. பிறகு சங்கரபாண்டியன் தயாரித்துக் கொடுத்த படிவத்தை எடுத்தேன். 'இப்பிழை மேற்படி ஒரு கோப்பில் மட்டுமே உள்ளது. வேறு எந்தக் கோப்பும் பாதிக்கப்பட்டதாக வாசிப்பாளர் அறியவில்லை.' கீழே எமரன்சியா என்று போட்டேன்.

சாயங்காலம் ஐந்தரைக்கு உலகம்மாளை விட்டார்கள். அவள் வீட்டுக்காரர் மினிபஸ்ஸோடு வந்திருந்தார். அவள் என்னிடம் நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. வண்டி மெயின் ரோட்டில் திரும்புகிறவரை பார்த்துவிட்டு, நேராகச் சங்கரபாண்டியன் அறைக்குப் போய் ஒரு தாளை மேசையில் வைத்தேன்.

"என்ன மேடம் இது?"

"புகார் மனு சார்."

"யார் மேல?"

"பதிவு வாசிப்பாளர் எமரன்சியா மேல. இன்னைக்கு அவ பொய்யான உறுதிமொழில கையெழுத்து போட்டிருக்கா. வேற கோப்பு பாதிக்கப்பட்டது தெரியாதுன்னு எழுதிருக்கா. ஆனா அதுக்கு முந்தி நாலு மணி நேரம் நாப்பத்தொரு கோப்ப ஒண்ணொண்ணாத் திறந்து வாசிச்சிருக்கா. என் மேசை மிஷினுக்கும் சாட்சிப்பெட்டி இருக்கு சார். எந்தெந்தக் கோப்பு, எப்பத் திறந்தேன், எல்லாம் அதுல விழுந்திருக்கும்."

அவர் மனுவை இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை படிக்கும்போது உட்கார்ந்துவிட்டார்.

"பொய் உறுதிமொழின்னு நிரூபிக்கணும்னா..."

"நாப்பத்தொரு கோப்பும் பாதிக்கப்பட்டிருக்குன்னு காட்டணும். காட்டணும்னா மன்றத்துல திறந்து வாசிக்கணும். புதுக் குற்றத்துக்குப் பழைய கோப்பு சாட்சி. காலைல நீங்கதான் சார் சொன்னீங்க."

"ரெண்டு வருஷம் கிடைக்கும், தெரியும்லா? பென்ஷனும் போயிரும்."

"தெரியும்."

"இந்த மனுவை நான் வாங்கலன்னா?"

"உங்க மிஷினுக்கும் ஒரு நகல் அனுப்பியாச்சு சார். அதுலயும் பெட்டி இருக்கு."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது போய்விட்டது. 'அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?' என்று கேட்டார். தெரியாது என்றேன். பேனாவைத் தேடினார், கிடைக்கவில்லை. என்னுடையதைக் கொடுத்தேன். வரப்பெற்றது என்று எழுதி நேரத்தைப் போட்டார்.

என் வழக்கு ஆகஸ்டில் விசாரணைக்கு வந்தது. என் கோப்பை நானே வாசிக்க முடியாது என்பதால் தூத்துக்குடியிலிருந்து வேறொரு வாசிப்பாளரை வரவழைத்திருந்தார்கள். சுறுசுறுப்பான பெண், என்னைவிட நிதானம் அதிகம். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் எழுதிய கை எது என்று பார்த்துப் பார்த்து வாசிக்கும்படி சொந்தமாக ஒரு நிரல் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். என் நிரலைவிட நன்றாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

கூடத்தில் உட்கார இடமில்லை. யார் யாரோ வந்திருந்தார்கள். சில முகங்களில் என்னை அடித்துவிடலாமா என்கிற வெறுப்பு இருந்தது, அது நியாயம்தான். முன்வரிசையில் ஒரு வயதான மனிதர் மடியில் ஒரு படத்தைக் கவிழ்த்து வைத்திருந்தார். சிறையில் செத்துப்போனவரின் அப்பா என்று பக்கத்தில் நின்ற காவலர் சொன்னார்.

முதல் கோப்பாக அதைத்தான் எடுத்தார்கள். வாசிப்பாளர் பெயரைச் சொன்னாள், தேதியைச் சொன்னாள். விலக்கப்பட்ட பகுதிக்கு வந்ததும் குரலை உயர்த்தாமல், ஒரே சீராக, நேரத்தோடு வாசித்தாள். 11.40.22, நிறுத்து. 11.40.22, நிறுத்து. 11.40.23, நிறுத்து. அந்தப் பெரியவர் படத்தை நிமிர்த்தி, அதன் முகம் வாசிப்பாளரைப் பார்க்கும்படி வைத்துக்கொண்டார்.

வாசித்து முடித்ததும் நீதிபதி என்னிடம் ஏதாவது சொல்ல விரும்புகிறேனா என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அடுத்ததை எடுக்கச் சொன்னார். இன்னும் நாற்பது இருந்தன.